தலைவரின் வண்டிக்கு ஸ்பானிய எண்

இதனால் லாஸ் அல்மெந்த்ரோஸ் குடியிருப்பின் வீட்டு உரிமையாளர்கள் அனைவருக்கும், அவர்தம் விருந்தினர்களுக்கும், நீச்சல் குளத்தில் அனுமதி பெறாமல் மிதக்கும் ரப்பர் வாத்துகளின் சொந்தக்காரர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: நமது குடியிருப்பின் தலைவர் திரு. கிளிஃபர்ட் ஆக்ராய்ட் அவர்கள், தமது சொந்த வாகனத்தை இங்கிலாந்துப் பதிவிலிருந்து ஸ்பானியப் பதிவுக்கு மாற்றும் பொருட்டு, வரும் செவ்வாய்க்கிழமை காலை அரசாங்க வாகனச் சோதனை நிலையத்துக்கு எழுந்தருள்கிறார். அன்று முற்பகல் தலைவரைச் சந்திக்க இயலாது. அவசரமெனில் துணைத்தலைவரை அணுகவும். துணைத்தலைவர் பதவி காலியாக உள்ளது.

இதை எழுதியவர் தலைவர். அச்சடித்தவர், பிளாஸ்டிக் உறை போட்டவர், குளத்தங்கரைப் பலகையில் நான்கு மூலையிலும் ஊசி குத்தியவர், குத்திவிட்டுப் பின்னால் இரண்டு எட்டு நகர்ந்து நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தவர் எல்லாமே தலைவர்தான். இங்கிலாந்தில் டான்காஸ்டர் நகரசபையில் கார் நிறுத்துமிடங்களின் துணைக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். அறிவிப்பு என்று ஒன்று இல்லாவிட்டால் நிகழ்ச்சியே நடக்கவில்லை என்று அர்த்தம் அவருக்கு.

திங்கட்கிழமை காலை நீந்திவிட்டு வந்த அவர் மனைவி ஜானெட் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே அதைப் படித்தாள். பாதியில் துவட்டுவது நின்றுவிட்டது. ஊசிகளைப் பிடுங்கி, அறிவிப்பை ஈரத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

"கிளிஃபர்ட், இது ஊருக்குத் தமுக்கடிக்கிற விஷயமா?"

"மக்களுக்கு ஒரு முன்னுதாரணம் வேணும் ஜானெட். நாளைக்கு அவங்க வண்டிய மாத்தணும்னா யாரப் பாத்துக் கத்துக்குவாங்க?"

"நாம எத்தன நாளா இங்க இருக்கோம்னு எவனாவது எண்ண ஆரம்பிச்சா?"

"யாரு எண்ணப் போறா? இது ஸ்பெயின். இங்க எண்ணறதுக்கே நாள் குறிச்சுதான் வருவாங்க" என்று சொல்லிவிட்டு, கிழக்கு வாசலுக்கும் மேற்கு வாசலுக்கும் எடுத்துவைத்திருந்த இன்னும் இரண்டு பிரதிகளை அவள் முன்னாலேயே கையில் எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

எண்ணினால் ஆபத்து என்பது குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். பிரிட்டன் ஐரோப்பாவை விட்டு வெளியேறியபின், வீடு வைத்திருக்கிற ஆங்கிலேயனானாலும் சரி, அரை வருஷத்தில் தொண்ணூறு நாள்தான் இங்கே இருக்கலாம். அதற்கு மேல் இருக்க வசிப்புரிமை அட்டை வேண்டும். ஒரு காலத்தில் அந்த அட்டையைக் கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார்கள். தெருவே திரண்டுபோய் வரிசையில் நின்றது. கிளிஃபர்ட் போகவில்லை. அலுவலகத்தின் வாசலில் 'வெளிநாட்டவர்' என்று எழுதியிருந்ததாம். "அது வெளிநாட்டுக்காரங்களுக்கு. நான் பிரிட்டிஷ்காரன்" என்று சொல்லி வாசலிலிருந்தே திரும்பிவிட்டார். அன்று கூடப் போன ஜானெட்டும் கணவனை விட்டுவிட்டுத் தனியாக அட்டை வாங்குவது நன்றாக இருக்காது என்று திரும்பினாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும்.

டான்காஸ்டர் வீட்டை விற்றாகிவிட்டது. அங்கே மிச்சமிருப்பது மகள் வீட்டின் பின்னறை. அதில் ஒரு சோபாக் கட்டிலும் மாப்பிள்ளையின் உடற்பயிற்சி சைக்கிளும் உண்டு. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் அங்கே தங்கியபோது, விடிவதற்கு முன்னாலேயே மாப்பிள்ளை அரைக்கால் சட்டையோடு வந்து, "நீங்க தூங்குங்க அத்தை" என்று சொல்லிவிட்டு ஜானெட்டின் தலைமாட்டில் சைக்கிள் மிதித்தார். மாட்டினால் நாடு கடத்துவார்கள். சில வருஷங்களுக்குத் திரும்பி வரவும் விடமாட்டார்கள். அந்தச் சில வருஷங்களும் அந்த சைக்கிளோடுதான். இங்கிலாந்து எண்ணோடு நிற்கும் வண்டிதான் எந்தப் போலீஸ்காரனையும் கையைத் தட்டிக் கூப்பிடும். ஆகவே வண்டிக்கு ஸ்பானிய எண் வாங்கிவிட்டால் பிறகு யார் கண்ணிலும் படாமல் கிடக்கலாம் என்று, கணவருக்குத் தெரியாமல் முதலில் போய் விசாரித்தவளே ஜானெட்தான்.

விசாரித்தது என்கார்னாவிடம். சதுக்கத்துக் காப்பிக் கடைக்கு மேல்மாடியில் அலுவலகம் வைத்து, ஊர் ஜனங்களுக்கு அரசாங்கக் காகித வேலையெல்லாம் முடித்துக் கொடுக்கிறவள். போன வாரம் இருவரையும் எதிரே உட்காரவைத்து, சிகரெட்டைப் பற்றவைக்காமல் விரலில் உருட்டிக்கொண்டே சொன்னாள்.

"இங்க வண்டி பதிய வசிப்புரிமை வேணும்னு இல்ல. வீட்டுப் பத்திரம் இருக்கு, அடையாள எண் இருக்கு, போதும். சுங்கம் கட்டியாச்சு. சோதனை ஒண்ணுதான் பாக்கி. ஆனா ஒண்ணு கேட்டுக்கங்க சென்யோர் கிளிஃபர்ட். நீங்க இங்க வசிக்கிறவர் இல்ல. லீவுக்கு வந்துபோறவர். காகிதத்துல அப்படித்தான் இருக்கு. மூஞ்சிலயும் அப்படியே இருக்கணும்."

"மூஞ்சில எப்படி?"

"பேசாம இருந்தா போதும். பேச வேண்டியத சென்யோரா பேசட்டும்."

"நான் நூத்திப் பன்னண்டு வீட்டுக்குத் தலைவர்" என்றார் கிளிஃபர்ட்.

என்கார்னா ஜானெட்டைப் பார்த்தாள். வைத்தியர் நோயாளியை விட்டுவிட்டுக் கூட வந்தவரைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

செவ்வாய்க்கிழமை காலை தலைவர் கோட்டு போட்டு, கழுத்துப்பட்டை கட்டி, சட்டைப்பையில் தமது பதவி பொறித்த அட்டைகளை வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினார். அந்தப் பகுதியில் கழுத்துப்பட்டை கட்டுபவர் அவரும், பிணங்களை அடக்கம் செய்யும் நிறுவனத்தின் சிப்பந்தியும்தான்.

"லீவுல வந்தவன் டை கட்டுவானா?" என்றாள் ஜானெட்.

"மரியாதையான ஆளு லீவுலயும் மரியாதையாத்தான் இருப்பான்."

"அந்தக் கார்டு எதுக்கு?"

"எது?"

"பையில இருக்கறது."

"அது எப்பவும் இருக்கறது" என்று வண்டியைக் கிளப்பினார்.

இங்கிலாந்து வண்டியில் ஸ்டியரிங் வலப்பக்கம். ஸ்பெயினிலோ உலகம் முழுக்க இடப்பக்கத்து ஜன்னலோடுதான் பேசும். சுங்கச் சாவடியில் சீட்டு வாங்குவது, வாகன நிறுத்தத்தில் பொத்தானை அமுக்குவது, வழி கேட்பவனுக்குப் பதில் சொல்வது எல்லாம் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் ஜானெட்டின் வேலை. வண்டியை ஓட்டுவது மட்டும் கிளிஃபர்ட். பதினோரு வருஷத்தில் ஜானெட் ஸ்பானிய மொழி கற்றுக்கொண்டதற்கும், கிளிஃபர்ட் பியர் கேட்க மட்டும் கற்றுக்கொண்டதற்கும் அந்த ஜன்னல்தான் பாதிக் காரணம்.

குடியிருப்பிலிருந்து நகரத்துக்குப் போக ஒரே சாலை. உப்பு ஏரியைச் சுற்றிக்கொண்டு, எலுமிச்சைத் தோப்பைத் தாண்டி, சிமென்ட்டில் செய்த பிரம்மாண்டமான ஆரஞ்சுப் பழம் நிற்கும் வட்டச் சந்திப்பில் போய்ச் சேரும். ஆரஞ்சுப் பழம் கண்ணில் பட்டது. அதன் அடியில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள், ஒரு ஜீப், பச்சைச் சீருடைகள்.

"திரும்பிடு" என்றாள் ஜானெட்.

"எங்க திரும்பறது? ரோட்டு நடுவுல தொடர் கோடு. கோட்டத் தாண்டறது குத்தம்."

"கிளிஃபர்ட்!"

"இருபத்தாறு வருஷம் சட்டத்த அமல்படுத்தினவன் நான். எனக்குக் கோடு தெரியும்."

முன்னால் போன பால் வண்டிக்குக் கையசைத்து வழிவிட்ட இளம் போலீஸ்காரன், இவர்களுடைய எண் பலகையைப் பார்த்ததும் கையை நிறுத்தினான். ஓரங்கட்டச் சொன்னான். நேராக நடந்துவந்து ஜானெட்டின் ஜன்னலில் குனிந்தான்.

"காலை வணக்கம் சென்யோரா. வண்டிக் காகிதம்?"

ஸ்டியரிங் இல்லாத மடியைப் பார்த்ததும் அரைக் கணம் திகைத்தான். ஜானெட் அவன் மூச்சுவிடுவதற்குள் என்கார்னா கொடுத்திருந்த உறையை நீட்டினாள். சுங்க ரசீது, வீட்டுப் பத்திர நகல், சோதனை நிலையத்தில் நேரம் வாங்கிய சீட்டு.

"பதிவு மாத்தப் போறோம். பத்தரைக்கு நேரம் குடுத்திருக்காங்க."

"நல்லது. டூரிஸ்டா?"

"ஆமா" என்றாள்.

வலப்பக்கத்திலிருந்து ஒரு மூச்சு கேட்டது. சைக்கிள் டயரில் ஆணி ஏறியபின் வருகிற சத்தம் அது. ஜானெட் கையை நீட்டி அவர் தொடையைப் பிடித்தாள். நன்றாகவே பிடித்தாள்.

"பாஸ்போர்ட்?"

கைப்பையைத் திறந்தாள். சாவிக் கொத்து, கண்ணாடிக் கூடு, இருமல் மிட்டாய் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நகர்த்தினாள். கடைசியில் எடுத்துத்தான் ஆகவேண்டியிருந்தது. போலீஸ்காரன் வாங்கி, புகைப்படத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பக்கத்தைத் திருப்பினான். முத்திரைகள் கடைசியில் இருந்தன. கடற்காற்றின் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த தாள்களை எச்சில் தொட்டுப் பிரித்துக்கொண்டே, பேச்சுக்குச் சொல்வதுபோல் நல்ல ஆங்கிலத்தில் கேட்டான்: "எங்க ஊர் பிடிச்சிருக்கா? டூரிஸ்டுங்க எல்லாம் பீச்சோட திரும்பிடறாங்க. நீங்க மலைப்பக்கமும் போய்ப் பாக்கணும்."

"இங்கிலீஷ் நல்லாப் பேசறீங்களே" என்றாள் ஜானெட். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

"லண்டன்ல ரெண்டு வருஷம் ஹோட்டல்ல தட்டு கழுவினேன் சென்யோரா."

அதாவது கிளிஃபர்ட் எதைச் சொன்னாலும் புரியும். மாற்றி மொழிபெயர்த்துத் தப்பிக்க வழியில்லை. அவள் தொடையை இன்னும் இறுக்கினாள்.

"டூரிஸ்ட் இல்ல" என்றார் கிளிஃபர்ட்.

போலீஸ்காரன் விரல் தாளில் நின்றது. குனிந்து, ஜானெட்டைத் தாண்டி, வலப்பக்கத்தை எட்டிப் பார்த்தான்.

"என்ன சொன்னீங்க?"

"டூரிஸ்டுன்னா அரைக்கால் சட்ட போட்டுக்கிட்டு, மூக்கு செவந்து, ஐஸ்கிரீம் ஒழுகவிட்டுக்கிட்டுத் திரியறவன். நான் லாஸ் அல்மெந்த்ரோஸ் குடியிருப்போட தலைவர்." சட்டைப்பையிலிருந்து அட்டை வெளியே வந்தது. "பிரெசிதெந்தே! பதினோரு வருஷமா..."

"வீடு வெச்சிருக்கோம்" என்று ஜானெட் முடித்தாள். "பதினோரு வருஷமா வீடு வெச்சிருக்கோம். வந்து வந்து போறோம்."

போலீஸ்காரன் அட்டையை வாங்கிப் படித்தான். பாஸ்போர்ட்டை மூடவில்லை; கட்டைவிரலை முத்திரைப் பக்கத்திலேயே செருகி வைத்திருந்தான். முகத்தில் இருந்த விருந்தோம்பல் மெல்லக் கழன்றது.

"தலைவர்னா நீங்க இங்கதான் இருக்கணும் இல்லையா? கூட்டம் போடணும், ஆளுங்களப் பாக்கணும். லீவுக்கு வந்தவர் எப்படித் தலைவரா இருக்க முடியும்?"

"அதத்தானே நான் சொல்றது!" என்றார் கிளிஃபர்ட், கடைசியில் புத்தியுள்ள ஒருவன் அகப்பட்ட சந்தோஷத்தில்.

 ஜானெட்டுக்கு உடற்பயிற்சி சைக்கிளின் சங்கிலிச் சத்தம் தலைமாட்டில் கேட்டது.

"சார்ஜென்ட்!" என்று கூப்பிட்டான் போலீஸ்காரன்.

ஜீப்பின் நிழலிலிருந்து ஐம்பது வயது சார்ஜென்ட் அம்மாள் ஒருத்தி எழுந்து வந்தாள். பெயர்ப் பட்டையில் ரோகாமோரா என்று இருந்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "என்னப்பா மிரால்யெஸ்?" என்றாள்.

"லீவுக்கு வந்தோம்னு அந்தம்மா சொல்றாங்க. இவர் குடியிருப்புத் தலைவர்னு சொல்றாரு. இங்கயே வசிக்கிறாங்கன்னு நெனைக்கிறேன். எத்தன நாளாச்சுன்னு எண்ணிப் பாத்துடட்டுமா?"

சார்ஜென்ட் பாஸ்போர்ட்டை வாங்கினாள். திறக்கவில்லை. அதை விசிறியாக்கி முகத்துக்கு வீசிக்கொண்டே கிளிஃபர்டின் அட்டையைப் படித்தாள்.

"எத்தன வீடு?"

"நூத்திப் பன்னண்டு" என்றாள் ஜானெட்.

"நூத்திப் பன்னண்டா! கடவுளே. எத்தன வருஷமா?"

"ரெண்டாவது தடவை."

"ரெண்டாவது தடவையா!" சார்ஜென்ட் நெஞ்சில் கை வைத்தாள். "அடப் பாவமே, யாரு பெத்த பிள்ளையோ." பிறகு இளம் போலீஸ்காரனிடம் திரும்பினாள். "உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா? இல்ல. ஃப்ளாட் இருக்கா? இல்ல. அம்மா வீட்ல சாப்பிடற. உனக்கு எங்க தெரியப்போவுது. குடியிருப்புத் தலைவரா யாரப் போடுவாங்க? கூட்டத்துக்கு வராதவனப் போடுவாங்க. எங்க அண்ணன் வாலென்சியாவுல இருக்கான். இங்க கடற்கரையில ஒரு ஃப்ளாட் வாங்கிப் போட்டான். ஒரே ஒரு கூட்டத்துக்கு வரல. அன்னிக்கு ராத்திரியே ஃபோன். வாழ்த்துகள், நீங்கதான் தலைவர். லிஃப்ட் நின்னா அவன், சாக்கடை அடைச்சா அவன், மூணாம் மாடிக் கிழவியோட நாய் குரைச்சா அவன். இங்கயே இருக்கறவன் எவனாவது இதுல மாட்டுவானா? வெளியூர்க்காரன்தான் மாட்டுவான். அதுவும் ரெண்டு தடவை மாட்டினான்னா, இந்தப் பக்கமே வரதில்லன்னு அர்த்தம்."

"ஆனா சார்ஜென்ட், இவரு பெருமையா..."

"பெருமையா? இருக்கும். வெளிநாட்டுக்காரங்க இல்ல? அவங்ககிட்ட பதவின்னு சொல்லித் தள்ளிவிட்டிருப்பாங்க." ஜன்னலுக்குள் தலையைவிட்டு, கிளிஃபர்டை நேராகப் பார்த்தாள். கண்ணில் நிஜமான இரக்கம் இருந்தது. "கூட்டத்துக்கு நீங்க வரல. சரிதானே சென்யோர்?"

அப்படியே நின்றாள். பதில் வேண்டும் அவளுக்கு. பாஸ்போர்ட் விசிறல் நின்றுவிட்டது.

சார்ஜென்டின் ஸ்பானியப் பேச்சை ஜானெட் மொழிபெயர்க்க வேண்டும். பக்கத்தில் லண்டனில் தட்டு கழுவினவன் நிற்கிறான். ஒரு சொல்லைக்கூட மழுப்ப முடியாது. முழுசாகச் சொன்னாள். வராதவனைத்தான் தலைவராக்குவார்கள் என்பதையும், எவனும் ஏற்காததை இவர் தலையில் கட்டிவிட்டார்கள் என்பதையும், யார் பெற்ற பிள்ளையோ என்பதையும் சொன்னாள். கடைசியில், "அந்தக் கூட்டத்துக்கு நீ வரல, சரிதானேன்னு கேக்கறாங்க கிளிஃபர்ட்" என்றாள்.

அந்தக் கூட்டத்தில் கிளிஃபர்ட் இருந்தார். முதல் ஆளாக வந்து நாற்காலி போட்டார். தமது சாதனைகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். தம்மைத் தாமே முன்மொழிந்தார். அது அவருடைய வாழ்க்கையின் மிக உயர்ந்த மாலைப்பொழுது என்று அவரே பல தடவை சொல்லியிருக்கிறார்.

முகம் சிவந்தது.  வாய் திறந்தது. ஜானெட் தொடையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். இனி பிடித்துப் பயனில்லை. முன்கண்ணாடிக்கு அப்பால் சிமென்ட் ஆரஞ்சுப் பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு லாரி போனது. இன்னொரு லாரி போனது.

"வரல" என்றார் கிளிஃபர்ட்.

"என்ன?" என்றான் இளம் போலீஸ்காரன்.

"கூட்டத்துக்கு நான் வரல." குரல் எங்கோ அடியிலிருந்து வந்தது. "ஊர்ல இல்ல. எனக்கு... யாரும் சொல்லல."

மிரால்யெஸ் அதை ஸ்பானிய மொழியில் சொன்னான். சார்ஜென்ட், "நான் சொல்லல?" என்று வண்டிக் கூரையை ஒரு தட்டுத் தட்டி, பாஸ்போர்ட்டையும் உறையையும் ஜானெட்டின் மடியில் போட்டாள். "அடுத்த தடவை வேற எவனையாவது மாட்டிவிடச் சொல்லுங்க சென்யோரா. வயசான மனுஷன். போய்ட்டு வாங்க, நேரமாச்சு. லீவ நல்லா அனுபவிங்க."

வட்டச் சந்திப்பு பின்னால் போய்விட்டது. ஜானெட் பாஸ்போர்ட்டைக் கைப்பையின் அடியில் வைத்து மூடினாள். 

"நான் இருந்தேன்" என்றார் கிளிஃபர்ட்.

"தெரியும்."

"மத்தவங்கதான் வரல."

"தெரியும் கிளிஃபர்ட்."

"நூத்திப் பன்னண்டு வீட்டுக்காரங்க. ஏன் ஒருத்தர்கூட வரல?"

கூட்டம் நடந்த அன்று மாலை அவர்களெல்லாம் குடியிருப்பிலேயே இருக்கும் ஃபெர்கஸ் என்பவரின் வீட்டுப் பின்கட்டில் இறைச்சி சுட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு உருளைக்கிழங்கு சாலட் செய்து அனுப்பியவள் ஜானெட். "வெயிலா இருந்திருக்கும்" என்றாள்.

அவர் ஒரு கையால் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். பிறகு கழற்றியே விட்டார். ஜானெட் திரும்பி அவரைப் பார்த்தாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக, லீவுக்கு வந்தவர் மாதிரியே இருந்தார்.

"நல்லாப் பேசின" என்றாள்.

"சும்மா இரு" என்றார்.

சோதனை நிலையத்தில் பத்தரைக்குச் சரியாகப் பெயரைக் கூப்பிட்டார்கள். பிரேக், புகை, டயர், ஹாரன் எல்லாம் பார்த்தார்கள். இங்கிலாந்து வண்டியின் முன்விளக்கு இடப்பக்கம் சாய்ந்து அடிக்கும். ஸ்பெயினில் வலப்பக்கம் சாய வேண்டும். வண்டி தேறவில்லை. விளக்கை மாற்றிக்கொண்டு அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடியும் அதே சாலையில் வரவேண்டும்.